ஏற்றத்தாழ்வு நூல்களில் எண் தவறும் இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளாதார ஏற்றத்தாழ்வு, ஜனநாயகம், சமூகநீதி குறித்த அபுனைவு நூல்களை உங்கள் ஞாயிறு நூல் பக்கம் அறிமுகப்படுத்தியிருந்தது. இந்தத் துறைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரி: "இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் நாட்டின் வருமானத்தில் 40 சதவீதத்தைப் பெறுகிறார்கள்." அதே இதழின் வணிகப் பக்கத்தில், ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளில் இந்தியாவுக்கு உலகில் நான்காவது இடம் என்று ஒரு பெட்டிச் செய்தி. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் எதை நம்புவார்? முதலாவது தவறு. இரண்டாவது, பாதியோடு நிறுத்தப்பட்ட உண்மை. தமிழில் இத்துறை நூல்களும் மதிப்புரைகளும் சறுக்கும் முக்கியமான இரண்டு இடங்கள் இவையே என்பதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

40 என்ற எண் எங்கிருந்து வந்தது? நிதின் குமார் பார்தி, லூக்கா சான்செல், தாமஸ் பிக்கெட்டி, அன்மோல் சோமஞ்சி ஆகிய பொருளியலாளர்கள் நால்வர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்விலிருந்து. 2022-23இல் மேல் 1 சதவீதத்தினரிடம் இருந்தது நாட்டின் செல்வத்தில் 40.1 சதவீதம், வருமானத்தில் அவர்கள் பங்கு 22.6 சதவீதம். செல்வம் குளத்தில் கிடக்கும் தண்ணீர்: நிலம், வீடு, தங்கம், பங்குகள், வங்கி இருப்பு எல்லாம் சேர்த்து, கடனைக் கழித்தது. வருமானம் ஒரு வருடத்தில் வாய்க்கால் வழியே வந்த தண்ணீர். எந்த நாட்டிலும் செல்வம் வருமானத்தைவிடக் கூடுதலாகவே ஒரு பக்கம் குவிந்திருக்கும். ஆகவே ஒன்றின் எண்ணை இன்னொன்றின் பெயரில் போட்டால் நிலைமை இருப்பதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு மோசமாகத் தெரியும். 22.6 சதவீதமே அதிர்ச்சியடையப் போதுமானது. மிகைப்படுத்த அவசியமே இல்லை.

இனி நான்காவது இடம். உலக வங்கிக் குறிப்பு ஒன்றின்படி இந்தியாவின் ஜினி குறியீடு (ஏற்றத்தாழ்வை 0 முதல் 100 வரை அளக்கும் எண்; கூடினால் ஏற்றத்தாழ்வு கூடுதல்) 2011-12இல் 28.8 ஆக இருந்து 2022-23இல் 25.5 ஆகக் குறைந்தது. 2025 ஜூலையில் மத்திய அரசின் செய்திக்குறிப்பு இதைக் கொண்டு நான்காவது இடத்தை அறிவித்தது. அதே உலக வங்கிக் குறிப்பிலேயே, தரவுக் குறைபாடுகளால் ஏற்றத்தாழ்வு குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்றும், வருமான அடிப்படையில் ஜினி 2004இல் 52 ஆக இருந்து 2023இல் 62 ஆக ஏறியது என்றும் இருக்கிறது. 25.5 வீட்டுச் செலவை அளந்தது. 62 வருமானத்தை அளந்தது. இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தெருக்கணக்கு.

ஒரு தெருவில் பத்து வீடுகள். ஒன்பது வீடுகளில் மாத வருமானம் தலா 15,000 ரூபாய். பத்தாவது வீட்டில் 3,65,000. தெருவின் மொத்த வருமானம் 5 லட்சம். தெருவில் இரண்டே பிரிவினர் இருந்தால் ஜினியைக் கண்டுபிடிக்க ஒரு கழித்தல் போதும்: கீழ்ப் பிரிவின் மக்கள்தொகைப் பங்கிலிருந்து அதன் வருமானப் பங்கைக் கழிக்க வேண்டும். ஒன்பது வீடுகள் தெருவில் 90 சதவீதம். அவற்றின் வருமானம் 1,35,000, அதாவது மொத்தத்தில் 27 சதவீதம். 90இல் 27 போக 63. (எல்லோருக்கும் சமம் என்றால் 0, எல்லாமே ஒருவருக்கு என்றால் 100.)

இப்போது செலவை எடுங்கள். ஒன்பது வீடுகளும் வருவது முழுவதையும் செலவழிக்கின்றன, வேறு வழியில்லை. பத்தாவது வீடு தாராளமாகவே 65,000 செலவழித்துவிட்டு 3 லட்சத்தை மனையிலும் பங்குச் சந்தையிலும் போடுகிறது. தெருவின் மொத்தச் செலவு 2 லட்சம். அதில் ஒன்பது வீடுகளின் பங்கு 67.5 சதவீதம். 90இல் 67.5 போக 22.5.

அதே தெரு, அதே மாதம், அதே மனிதர்கள். வருமானத்தில் ஜினி 63, செலவில் 22.5. வரி, கடன், குடும்ப அளவு எதுவும் இல்லாத பொம்மைக் கணக்குதான் இது. ஆனால் 62க்கும் 25.5க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது புரிய இதுவே போதும். மேல்தட்டின் சேமிப்பு முழுவதும் செலவுக் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. போதாததற்கு, அந்தத் தரவரிசையில் உள்ள பிற நாடுகள் பலவற்றின் ஜினி வருமானத்தை வைத்துப் போட்டது. படியால் அளந்த அரிசியையும் தராசில் நிறுத்த அரிசியையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் எப்படியோ அப்படி.

தெருக்கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சராசரி வருமானம் 50,000. அந்தத் தெருவில் 50,000 வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. வரிசையின் நடுவில் நிற்பவருக்கு, அதாவது பள்ளிக் கணிதப் புத்தகம் 'இடைநிலை அளவு' என்று சொல்கிற இடத்தில் இருப்பவருக்கு, 15,000. மேலே சொன்ன 2024 ஆய்வு இதை நாடு முழுவதற்கும் காட்டுகிறது: இந்தியாவின் சராசரி வருமானத்தைத் தொடவே ஒருவர் ஏறத்தாழ 90வது நூற்றுமானத்தில், அதாவது நூறு பேர் வரிசையில் தொண்ணூறு பேருக்கு மேலே, நிற்க வேண்டும். "சராசரி இந்தியர்" என்று நம் மதிப்புரைகள் எழுதும்போது யாரைச் சொல்கின்றன என்று ஒருமுறை யோசிக்கலாம். இடைநிலை அளவு, கால்மானம், பதின்மானம், நூற்றுமானம் எல்லாம் பாடநூல் சொற்கள்; பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. மொழிபெயர்ப்பாளர்கள்தாம் அவற்றை விட்டுவிட்டு எல்லாவற்றையும் 'சராசரி' ஆக்குகிறார்கள், அல்லது ஆளுக்கொரு புதுச்சொல் உருவாக்குகிறார்கள்.

(ஜினி என்பது கொர்ராடோ ஜினி என்ற இத்தாலியப் புள்ளியியலாளர். குறியீட்டை 1912இல் தந்தார். 1927இல் பாசிசத்தின் அறிவியல் அடிப்படை என்ற பொருளில் கட்டுரையும் எழுதினார். சமத்துவம் பேசும் நூல்கள் எல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.)

எண்களுக்குப் பின்னால் ஆவணங்கள் இருக்கின்றன. ஜனநாயகம் இந்த நூல்களுக்குள் வருவது அந்த ஆவணங்கள் வழியாகத்தான். இந்திய வருமான ஏற்றத்தாழ்வின் நீண்டகால வரைபடங்கள் எல்லாம் 1922இல் தொடங்குவதற்குக் காரணம், அந்த ஆண்டு வந்த வருமான வரிச் சட்டம். வரித்துறை அட்டவணைகளைப் பதிப்பித்ததால் ஆய்வாளர்களுக்கு மேல்தட்டு தெரிந்தது. 2000ஐ ஒட்டி அந்த வெளியீடு நின்றுபோய், 2016இல்தான் மீண்டும் வந்தது. சரியாகத் தாராளமயத்தின் பலன்கள் யாருக்குப் போயின என்று பார்க்க வேண்டிய காலத்தில் விளக்கு அணைந்திருந்தது. 2017-18இன் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு எடுக்கப்பட்டும், தரம் சரியில்லை என்ற காரணத்தோடு 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்து வந்த 2022-23 கணக்கெடுப்பில் முறை மாறிவிட்டது: ஒரே தடவை போய்க் கேட்டது போய், மூன்று தடவை மூன்று படிவங்களோடு போனார்கள். ஆகவே 28.8ஐயும் 25.5ஐயும் நேருக்கு நேர் வைப்பதே சிக்கல். இவை எதுவும் நூலாசிரியர்கள் மறைத்தவை அல்ல, அடிக்குறிப்பில் இருப்பவை. தமிழுக்கு வரும்போது முதலில் வெட்டப்படுவது அடிக்குறிப்பு.

அடிக்குறிப்பை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ஸ்ஃபாம் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பின் அறிக்கைகள் நல்ல எடுத்துக்காட்டு. 2016இல், உலகின் கீழ்ப்பாதி மக்களிடம் உள்ள செல்வத்துக்குச் சமமானது 62 பேரிடம் இருக்கிறது என்றார்கள். 2017இல் 8 பேர் என்றார்கள். ஒரே வருடத்தில் 62இலிருந்து 8! உலகமே தலைகீழாகிவிட்டது என்று தமிழில் எழுதாதவர் இல்லை. உண்மையில் மாறியது தரவு. சீனா, இந்தியா குறித்துப் புதிய விவரம் கிடைத்ததில் கீழ்ப்பாதியின் செல்வம் முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. அந்தத் தரவு முந்தைய வருடமே கிடைத்திருந்தால் 62க்குப் பதில் 9 என்றுதான் வந்திருக்கும் என்று ஆக்ஸ்ஃபாமே அறிக்கையில் எழுதியது. ஆக மாற்றம் 9இலிருந்து 8.

ஆசிரியரின் தயக்கமும் இப்படித்தான் காணாமல் போகிறது. வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு ஏறும், பிறகு இறங்கும் என்று 1955இல் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் சொன்னார். தம் கட்டுரையில் 5 சதவீதம்தான் தரவு, 95 சதவீதம் ஊகம், அதிலும் ஆசை கலந்திருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அதை விதியாக்கிவிட்டார்கள். பிக்கெட்டியின் 'மூலதனம்' நூலை (பிரெஞ்சில் 2013, ஆங்கிலத்தில் 2014) மூலதன வருவாய் விகிதம் பொருளாதார வளர்ச்சி விகிதத்தைவிட அதிகம் என்ற ஒற்றைச் சூத்திரமாகச் சுருக்குகிறோம். ஏற்றத்தாழ்வின் மாற்றங்களை விளக்க அது ஒன்றே கருவியன்று, முதன்மைக் கருவிகூட அன்று என்று அவர் 2015இல் தனியாக எழுத வேண்டியிருந்தது.

'மூலதனம்' என்ற சொல்லே இங்கே ஒரு வழுக்குப் பாறை. தியாகு தமிழாக்கிய மார்க்சைப் படித்து வந்தவருக்கு மூலதனம் என்றால் உழைப்பாளியை வேலைக்கு வைத்து உபரியைக் கறக்கும் ஓர் உறவு. பிக்கெட்டி மூலதனத்தையும் செல்வத்தையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார். குடியிருக்கும் சொந்த வீடும் அவர் கணக்கில் மூலதனம்தான். இதை முன்னுரையில் இரண்டு வரியில் சொல்லாவிட்டால் வாசகர் நூறு பக்கம் தாண்டியபின் குழம்புவார், அல்லது குழம்பாமலே தவறாகப் புரிந்துகொள்வார். பின்னது இன்னும் மோசம்.

அலகுகளுக்கு வருவோம். மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இது தெரியாதவர் இல்லை. அச்சில் தவறாதவரும் இல்லை. மில்லியனைக் கோடி என்று எழுதிவிட்டால் பத்து மடங்குப் பிழை. பிரெஞ்சு மூலத்திலிருந்து செய்பவருக்கு இன்னொரு பொறி: பிரெஞ்சில் 'மில்யார்' என்பதுதான் நூறு கோடி, அங்கே 'பில்லியோன்' என்றால் ஒரு லட்சம் கோடி. வரி விகிதம் 40இலிருந்து 45க்கு ஏறினால் ஏற்றம் 5 சதவீதப் புள்ளி; சதவீதத்தில் சொன்னால் 12.5. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது.

டாலர்தான் மிகப்பெரிய தொல்லை. 2025 ஜூனில் உலக வங்கி வறுமைக்கோட்டை நாளொன்றுக்கு 3 டாலர் என்று மாற்றியது. இதை அன்றைய வங்கி மாற்று விகிதத்தால் பெருக்கி, இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கீழே வாழ்பவர் ஏழை என்று எழுதினால் முழுத் தவறு. அது வாங்கும் திறன் சமநிலை டாலர்: அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை நம் ஊரில் வாங்க எத்தனை ரூபாய் ஆகும் என்று பார்ப்பது. 2021 விலையில் போட்டது. அந்த ஆண்டின் நம் ஊர் விலைவாசிக்கு அது அறுபது ரூபாயையொட்டிய தொகை. வறுமைக்கோடு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்ற விவாதமே இந்த ஒரு பெருக்கலில் செத்துப்போகிறது.

வரைபடங்களைத் திரையிலிருந்து அப்படியே பிடித்து ஒட்டுகிறார்கள். மூலத்தில் சிவப்பு, நீலம், பச்சையாக இருந்த கோடுகள் கறுப்பு-வெள்ளை அச்சில் ஒரே சாம்பல். முழுக்கோடு, விட்டகோடு, புள்ளிக்கோடு என்று மாற்றி வரைந்து, கோட்டின் பக்கத்திலேயே பெயரை எழுதினால் தீர்ந்தது. செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா, மடக்கை அளவா (சம இடைவெளிக்குச் சம மடங்கு ஏறுவது) என்பதையும் போட வேண்டும். பொருளியலாளர்கள் லாக்னரும் மிலனோவிச்சும் வரைந்த, யானை வடிவில் தெரியும் 'யானை வரைபடம்' நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது: 1988 முதல் 2008 வரை உலக வருமான வரிசையின் ஒவ்வொரு படியும் எவ்வளவு வளர்ந்தது என்று காட்டுவது. ஒரு படியில் 1988இல் நின்றவர்களும் 2008இல் நிற்பவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. இந்த ஒரு வாக்கியத்தைப் படத்தின் கீழே யாரும் அச்சிடுவதில்லை.

சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் முடிவில் தரும் அகரவரிசைப் பட்டியல், பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது நாவலுக்குத் தேவையில்லை. ஏற்றத்தாழ்வு பற்றிய நூலுக்கு அது இல்லாவிட்டால் ஒரு கை இல்லாத மாதிரி. 'வாரிசு வரி' எங்கே வருகிறது என்று ஒரு மாணவர் 500 பக்கத்தைப் புரட்ட முடியாது. பதிப்பாளர்கள் சொல்லும் காரணம் செலவு. 400 பக்க நூலுக்குச் சொல்லடைவு பத்துப் பன்னிரண்டு பக்கம். ஒரு ஃபாரம் (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் தாள்) 16 பக்கம், அதற்குள் அடங்கிவிடும். உண்மையான செலவு ஆள் உழைப்பு. பக்க அமைப்பு முடிந்து, எண்கள் இனி நகராது என்றான பிறகுதான் தொடங்க முடியும். ஒருவர் நான்கைந்து நாள் உட்கார வேண்டும். நூல் கண்காட்சிக்கு முந்தைய வாரத்தில் அந்த நான்கு நாள் யாரிடமும் இருப்பதில்லை.

உட்கார்ந்தாலும் கணினி காலை வாரும். பழைய எழுத்துரு முறையில் தட்டச்சான கோப்பில் 'கொள்கை'யின் கொம்பு முதலில் பதிவாகியிருக்கும். அகரவரிசைப்படுத்தினால் கொம்பு வைத்த சொற்கள் எல்லாம் ஒரே மூலையில் போய்க் குவியும். யூனிகோடுக்கு மாற்றினாலும் மென்பொருள் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால், வரி, வருமானம், வர்க்கம், வறுமை, வளம் என்று வரும். தமிழ் முறைப்படி வர்க்கம், வரி, வருமானம், வளம், வறுமை என்று வர வேண்டும்: புள்ளி எழுத்து முதலில், ளகரத்துக்குப் பின்தான் றகரம். தமிழுக்குரிய வரிசை விதியை மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும். முடியாவிட்டால் கையால் சரிசெய்ய வேண்டும். அதற்கும் முன்னால், பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் கட்ட வேண்டும். ஒரே நூலில் பிக்கெட்டி, பிகெட்டி, பிக்கட்டி என்று மூன்று பேர் உலவினால் எந்தச் சொல்லடைவும் உதவாது.

சாதியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. ஐரோப்பிய நூல்களின் அளவுகோலில் அது இல்லை என்பதைவிட, நம் அளவுகோலிலேயே அது முழுமையாக இல்லை என்பதுதான் பிரச்சினை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், ஏனையோர் என்று நான்கே பெட்டிகளில் எண்ணுகிறது. 2023இல் பிகார் எடுத்த கணக்கெடுப்பில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் 27.13, பட்டியல் சாதியினர் 19.65 என்று வந்தது, மாநிலத்தின் 34.13 சதவீதக் குடும்பங்களின் மாத வருமானம் 6,000 ரூபாய் அல்லது அதற்கும் குறைவு என்றும் தெரிந்தது. தமிழ்நாட்டில் சட்டநாதன் ஆணையத்தின் 1970 அறிக்கை, பிற்படுத்தப்பட்டோருக்குள்ளேயே சில சாதிகள் பலன்களின் பெரும்பங்கைப் பெறுவதை அப்போதே காட்டியது. ஏற்றத்தாழ்வு நூல்களின் பட்டியலில் அந்த அறிக்கையை யாரும் சேர்ப்பதில்லை. உங்கள் பட்டியலிலும் இல்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஏழை மாவட்டங்களைப் பற்றி எழுதிய 1996 நூல் அதில் இருந்தது மகிழ்ச்சி. ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் வருகின்றன என்பதையும் சொல்லியிருக்கலாம். பொருளியலாளர்கள் ழான் டிரேஸ், அமர்த்தியா சென் இருவரும் இந்தியாவைப் பற்றி எழுதிய 2013 நூலை அறிமுகப்படுத்தியவர் அதன் புள்ளிவிவரப் பின்னிணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மாநிலங்களை ஒப்பிட விரும்புகிறவர் முதலில் திறக்க வேண்டிய பக்கங்கள் அவை.

இதெல்லாம் தமிழுக்குப் புது வேலையன்று. கம்யூனிஸ்ட் அறிக்கையை 'சமதர்ம அறிக்கை' என்று 1931இல் வெளியிட்டது 'குடிஅரசு'. லாகூர் மாநாட்டில் பேச முடியாமல்போய் அம்பேத்கர் 1936இல் தம் செலவில் அச்சிட்ட சாதி ஒழிப்பு உரையையும் அது விரைவிலேயே தமிழுக்குக் கொண்டுவந்தது.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள். நூல் பக்கத்தில் ஏற்றத்தாழ்வு பற்றிய எந்த எண் வந்தாலும் நான்கு விவரங்கள் கூடவே வரட்டும்: அளந்தது செல்வமா, வருமானமா, செலவா; எண்ணியது தனிநபரையா, வயதுவந்தவரையா, குடும்பத்தையா; எந்த ஆண்டு; தரவு வரி ஆவணமா, மாதிரிக் கணக்கெடுப்பா, பணக்காரர் பட்டியலா. பத்துச் சொல்லில் முடிகிற வேலை. மொழிபெயர்ப்பு நூல் என்றால் குறிப்புகள் முழுதாக இருக்கின்றனவா, சொல்லடைவு உண்டா, மூல நூலின் தரவுக் கோப்புகள் கிடைக்கும் இணைய முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று மதிப்புரையின் முடிவில் ஒரு வரி. பிக்கெட்டி தம் கணக்கேடுகளைப் பொதுவில் வைத்ததால்தான் 2014இல் ஃபைனான்சியல் டைம்ஸ் அவற்றைச் சோதித்துக் கேள்வி கேட்கவும், அவர் பதில் சொல்லவும் முடிந்தது. தமிழ் வாசகருக்கும் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும்.

பொது நூலகங்களுக்கு இந்த நூல்கள் போவது நாம் சொத்துவரியோடு கட்டும் 10 சதவீத நூலக வரியில். நூல் தேர்வுப் படிவத்தில் 'சொல்லடைவு', 'குறிப்புகள்' என்று இரண்டு கட்டங்கள் சேர்க்கும்படி நூலகத் துறையை உங்கள் நாளிதழ் தலையங்கத்தில் கேட்கலாம். நூலக ஆணை கிடைக்க அது தேவை என்று தெரிந்தால், அந்த நான்கு நாள் எல்லாப் பதிப்பகங்களுக்கும் கிடைத்துவிடும்.

ஞாயிறு பக்கத்தின் 40 சதவீதத்துக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகர் ஒருவர்,
மதுரை